கறளும் மனச்சாட்சியும்

கோயில் மலரில் மோட்டார்க் காரின் கறளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். எமது குடும்பங்களில் பழைய கார்களை வாங்கித் திருத்துவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இப்போது ஓரளவு இருக்கிறார்கள். ஊரில் தகப்பனார் வைத்திருந்த மாதிரியான மொரிஸ் மைனர் ஒன்றை ஓய்வுபெற்ற பின் தேடிப் பிடித்துக் கராஜில் நிறுத்தியிருப்பவர்களும் உண்டு; இங்கு பிறந்து வளர்ந்து, அப்பாவோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கையைக் கறுப்பாக்கிக் கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. அவர்களோடு பேசினால் பேச்சு எப்படியும் ஓர் இடத்தில் வந்து நிற்கும். பழைய பெயின்றைச் சுரண்டி, கறளை நீக்கி, இரும்புத் தகட்டுக்கு அடிப்பூச்சுப் பூசுகின்ற வேலைதான் அது. முழுக் காரிலும் அதிக நேரத்தை விழுங்குவதும் அதுவே, அதிகம் சலிப்பூட்டுவதும் அதுவே, முடிந்த பின் எவர் கண்ணுக்கும் தெரியாமற் போவதும் அதுவே.

எவர் கண்ணுக்கும் தெரியாத வேலையை ஒருவன் ஏன் செம்மையாகச் செய்ய வேண்டும்? செய்யாமல் மேலே மூடிவிட்டு, வாயால் ஒரு பொய்யும் சொல்லாமல் இன்னொருவனுக்கு விற்றால், அது பொய்யில் சேருமா? கராஜில் எழுகின்ற கேள்விதான். ஆயினும் எமது சமய நூல்களையும் நீதி நூல்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசிக்கத் தகுந்த கேள்வி.

பிரித்தானியாவில் வாழும் எமக்கு இக்கேள்வி முன்னரைவிட இப்போது நெருங்கி வந்திருக்கிறது. முன்னெல்லாம் எவ்வளவு பழைய காராக இருந்தாலும் வருடம் ஒருமுறை எம்.ஓ.ரி. சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே சோதகர் காரை உயர்த்தி, அடிப்பக்கத்தை ஒரு சிறு கருவியால் தட்டியும் அழுத்தியும் பார்ப்பார். உள்ளே உக்கிப் போன இடமானால் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். 2012ஆம் ஆண்டு நவம்பரில் 1960க்கு முற்பட்ட வாகனங்களுக்கு இச்சோதனை கட்டாயமில்லை என்றாயிற்று. 2018ஆம் ஆண்டு மே மாதம் முதல், 40 வருடங்களைத் தாண்டியனவும் பெரிய மாற்றங்கள் செய்யப்படாதனவுமான வாகனங்கள் எல்லாவற்றுக்கும் அந்த விலக்குக் கிடைத்தது. பாதுகாப்பற்ற வாகனத்தைத் தெருவில் ஓட்டுவது இன்றும் குற்றமே. விரும்பியவர் தாமாகவே சோதனைக்குக் கொண்டுபோகவும் முடியும். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வந்து தட்டிப் பார்த்த அந்தக் கை கட்டாயமாக வருவதில்லை. சட்டம் ஓர் அடி பின்னே போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது நிற்பது சொந்தக்காரரின் மனச்சாட்சி மாத்திரமே.

இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடலே சட்டமாக நின்று பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதி, முன் இருக்கைகளுக்குக் கீழுள்ள குறுக்குச் சட்டம், பின் வில்லுகள் பொருத்தப்படும் தாங்கிகள் ஆகியன வெறும் அலங்காரத் தகடுகளல்ல. அவை உக்கினால் காரின் முதுகெலும்பு உக்கியதாகும். அழகாக மினுங்கும் காரிலே பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது பின் வில்லு தன் இடத்தை விட்டுக் கழன்றால் என்ன ஆகும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனிக் கறளின் குணத்தைப் பார்ப்போம். இரும்போடு நீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்தால் கறள் உண்டாகிறது. உப்பு அங்கே இருந்தால் வேலை விரைவாக நடக்கிறது. பனிக் காலத்தில் தெருக்களில் உப்புத் தூவுகின்ற நாடுகளில் கார்களின் அடிப்பக்கம் சீக்கிரம் அழிவது இதனாலேயே. இரும்பு இருந்த இடத்தைவிடப் பல மடங்கு இடத்தைக் கறள் பிடிக்கும். ஆகையால் அது பூச்சை உள்ளிருந்து தூக்கிக் கொப்புளமாக்குகிறது. வெளியே ஒரு சதம் அளவு கொப்புளம் தெரிந்தால், சுரண்டிப் பார்க்கும்போது உள்ளே உள்ளங்கை அளவு பரவியிருப்பதைக் காணலாம். அதன் மேல் புதிய பெயின்றைப் பூசினால் கறள் நின்றுவிடாது. ஈரமும் உப்பும் உள்ளே அடைபட்டு, ஒளிவிடத்திலிருந்து தன் வேலையைத் தொடர்ந்து செய்யும்.

சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இவ்விடத்தில் செம்பிற் களிம்பு என்ற உவமை நினைவுக்கு வரும். உயிரை ஆணவ மலம் எப்படிப் பற்றியிருக்கிறது என்பதற்கு எமது ஆசாரியர்கள் காட்டிய உவமை அது. செம்போடு களிம்பு கூடவே இருக்கிறது, புளி போட்டு விளக்கினால் போகும், மறுபடியும் வரும். இரசகுளிகை பட்டாற்றான் அது முற்றாக நீங்கும் என்பார்கள். கறளை நாம் வெளியிலிருந்து வருகின்ற பகைவனாக நினைக்கிறோம். உண்மையில் மண்ணிலிருந்து எடுக்கப்படும்போது இரும்பு ஒட்சிசனோடு கலந்த தாதுவாகவே பெரும்பாலும் கிடக்கிறது. உலையிலிட்டு உருக்கி நாம்தான் பிரித்தெடுக்கிறோம். திரும்பவும் மண்ணாகிவிட வேண்டும் என்ற விருப்பம் அதற்குள் முதலிலிருந்தே உண்டு. ஒரு வேற்றுமை மாத்திரம். செம்பின் மேல் படியும் களிம்பு இறுகிப் படலமாகி, அடியிலுள்ள செம்பை ஓரளவு காப்பாற்றும். கறளோ பொருபொருத்து உதிர்ந்து, அடுத்த படைக்கு வழி திறந்துவிடும். கார் திருத்துபவருக்கு இரசகுளிகையும் கிடையாது. சுரண்டத்தான் வேண்டும்.

சுரண்டுவதற்கு வழிகள் பல. கம்பித் தூரிகையும் அரத்தாளும் கொண்டு கையாற் செய்வது எல்லோருக்கும் தெரிந்தது. பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கக் கூடும் என்பதால் அந்தத் தூளைச் சுவாசிக்கக் கூடாது. நனைத்துத் தேய்ப்பதும், நல்ல முகமூடி அணிவதும், பிள்ளைகளை அருகே விடாதிருப்பதும் அவசியம். முற்காலத்தில் கடைகளில் வாங்கிய, மெத்திலீன் குளோரைட் கலந்த வீரியமான பெயின்ற் நீக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பது இங்கு இப்போது தடைசெய்யப்பட்டுள்ளது. அதன் ஆவி மூடிய அறைக்குள் ஆளையே கொல்லக் கூடியது. காற்றழுத்தத்தால் மணலை வீசிச் சுரண்டுவது இன்னொரு முறை. சாதாரண மணலின் தூள் நுரையீரலைக் கெடுக்கும் என்பதால், பிரித்தானியத் தொழிற்சாலைகளில் 1949ஆம் ஆண்டு விதிகளே அதனைத் தடுத்துவிட்டன. வேறு துகள்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதிலும் ஒரு மில்லிமீற்றர் அளவே தடிப்புள்ள கதவுத் தகட்டில் அவசரப்பட்டால் தகடு வளைந்து நெளிந்து போகும். கனமான அடிப்பாகங்களுக்கே அது பொருந்தும்.

சிறு பாகங்களுக்கு எமக்குப் பிடித்தது மின்முறை. தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, கறள் பிடித்த பாகத்தை பற்றரி சார்ஜரின் எதிர் முனையிலும், உதவாத இரும்புத் துண்டொன்றை நேர் முனையிலும் தொடுத்து, இரண்டும் ஒன்றையொன்று முட்டாதபடி அமிழ்த்திவிட்டால் மறுநாள் கறள் கறுப்புச் சேறாகி இளகிவிடும். நல்ல இரும்பு குறையாது. ஐதரசன் வாயு எழுவதால் திறந்த வெளியிலே, நெருப்பு அருகே இல்லாமற் செய்ய வேண்டும். உதவாத இரும்புக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத உருக்குக் கரண்டியைப் போட்டுவிடக் கூடாது. அதிலிருந்து நச்சுத் தன்மையுள்ள குரோமியம் கரைந்து வரும். எமது வீடுகளில் குத்துவிளக்கைப் புளியிட்டு மினுக்குகிறோமே, அதே அமில வேலையைச் சிலர் வினாகிரியையும் சர்க்கரைப் பாகையும் கொண்டு இரும்பில் செய்கிறார்கள். மெதுவான முறை, பொறுமை உள்ளவர்களுக்கு ஏற்றது.

ஆயினும் எல்லாவற்றையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டித் தள்ளுவதே நேர்மை என்று எண்ணிவிடக் கூடாது. தமிழ்நாட்டுக் கற்கோயில்கள் பலவற்றில் பல வருடத்து எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் போக்கவென்று மணல் வீச்சு முறையைக் கையாண்டபோது, கல்லின் மேற்தோலும் போய், கல்வெட்டு எழுத்துகளும் சிற்பங்களின் நுண்மையும் மழுங்கின. கல்வெட்டு ஆராய்வோர் அதனைக் கடுமையாக எதிர்த்தார்கள். சுத்தம் செய்யப் போய்ச் சாட்சியை அழித்த வேலை அது. பழைய வாகனக் கழகங்களின் உலகக் கூட்டமைப்பாகிய ஃபீவா 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனமும், கட்டடங்களுக்காக 1964இல் எழுந்த வெனிஸ் சாசனத்தின் வழியில் நின்று, இயன்றவரை உள்ளதைக் காப்பாற்றுவதற்கே முதலிடம் தருகிறது. தொழிற்சாலையிற் பூசிய பூச்சு ஐம்பது வருடங்களாகப் பிடிப்போடு நிற்குமானால், மங்கிப் போனது என்ற ஒரே காரணத்துக்காக அதை ஏன் சுரண்ட வேண்டும்? உக்கிய இடத்தைச் சுரண்டுவதும் உறுதியான இடத்தை விட்டுவைப்பதும் ஒரே அறிவின் இரண்டு கைகள். எது உக்கியது, எது வெறுமனே வயதானது என்று பிரித்தறிய ஆறுதலாகப் பார்க்கும் கண் வேண்டும்.

சுரண்டி முடிந்த பின்புதான் உண்மையான சோதனை. பூச்சில்லாத இரும்பு, இந்த நாட்டு ஈரக் காற்றில் சில மணித்தியாலங்களிலேயே மெல்லிய மஞ்சட் படலம் பிடிக்கத் தொடங்கும். ஆகையால் அன்றே துடைத்து அன்றே அடிப்பூச்சுப் பூசிவிட வேண்டும். காலையில் தொடங்கியவர் விளக்கு வைக்கும் நேரத்தில் களைத்துப் போயிருப்பார். நாளைக்குப் பார்ப்போம் என்ற எண்ணம் வரும். நாளைக்கு அந்தப் படலத்தின் மேலேயே பூசிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. இன்னொன்று: சுத்தமாக்கிய தகட்டை வெறுங் கையால் தொடக் கூடாது. வியர்வையில் உப்பு இருக்கிறது. தொட்ட இடத்தில் விரல் அடையாளம் படிந்து, அதன் மேல் பூசிய பூச்சுக்கு அடியில் காலப்போக்கில் அதே இடத்தில் கறள் தோன்றக் கூடும். அபிஷேக விக்கிரகத்தை நினைத்தவர் நினைத்த நேரம் தொடக் கூடாது என்ற விதியை அறிந்த எமக்கு இதை விளங்கிக் கொள்வது கடினமல்ல. காரணங்கள் வேறு, கவனம் ஒன்று.

அடிப்பூச்சிலும் வகை உண்டு. இரும்பைச் சிறிது அரித்துப் பிடித்துக்கொள்ளும் அமில அடிப்பூச்சு ஒன்று. நீரை உள்ளே விடாது மூடும் எபொக்சி அடிப்பூச்சு இன்னொன்று. மேடு பள்ளம் நிரப்புவதற்காகப் பூசப்படும் சாதாரண சாம்பல் நிறப் பூச்சு மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் பலரை ஏமாற்றுகிறது. சாம்பல் நிறத்தில் மூடியிருப்பதைக் கண்டு கார் பாதுகாப்பாக இருக்கிறதென்று எண்ணி, ஒரு மாரி முழுவதும் வெளியே விட்டுவிடுவார்கள். அப்பூச்சுக்குக் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு. ஈரம் அவற்றினூடாக இறங்கிவிடும். பாதி வேலை செய்தவருக்கு முழு வேலை செய்தது போன்ற நிம்மதியைத் தருவது அதன் கெட்ட குணம்.

எமது ஆலயங்களில் இதற்கு நிகரான ஒரு வேலை உண்டு. மூர்த்தியைப் பீடத்தோடு சேர்த்துப் பிடிக்கின்ற அட்டபந்தன மருந்து அது. கொம்பரக்கு, குங்குலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலிய எட்டுப் பொருள்களைச் சேர்த்து இடித்து இடித்துப் பதப்படுத்துகிறார்கள். பன்னிரண்டு வருடங்களுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் வரும்போது பழைய மருந்தை முற்றாக அகற்றிய பின்பே புதியது சாத்தப்படும். பழையதன் மேலே புதியதை அப்பினால் பிடிக்காது; அபிஷேகத் தீர்த்தம் பீடத்துக்குள் இறங்கும். தரிசனத்துக்கு வருகின்ற அடியார்களில் எத்தனை பேர் அந்த இடத்தைப் பார்த்திருப்போம்? பூவும் பட்டும் அதை எப்போதும் மறைத்தே இருக்கின்றன. ஆயினும் முழு விழாவுக்கும் அட்டபந்தன மகா கும்பாபிஷேகம் என்று அந்த மறைந்த மருந்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இதைப் பலமுறை அழைப்பிதழில் வாசித்தும், யோசித்தவர்கள் குறைவாகவே இருப்பார்கள்.

திருப்பணி நடக்கும் காலத்தில் பாலஸ்தாபனம் செய்வதும் கவனிக்கத் தக்கது. மூர்த்தியின் சக்தியை வேறிடத்தில் எழுந்தருளச் செய்துவிட்டு, சாரம் கட்டி, ஊரறியச் சுரண்டித் திருத்துகிறார்கள். கோயிலில் வெடிப்பு விழுந்தது, வர்ணம் உதிர்ந்தது என்பதை மறைப்பதில்லை. திருத்த வேண்டியிருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் நிதியும் சேர்க்கிறார்கள்.

இனி முதற் கேள்விக்கு வருவோம். மறைப்பது எல்லாம் பொய்யாகுமா? யாழ்ப்பாணத்துப் பழைய கார்களை எண்ணிப் பாருங்கள். ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போட், மொரிஸ் மைனர் என்று ஆங்கிலேயர் தம் நாட்டில் எப்போதோ கழித்துவிட்ட வண்டிகள் அங்கே வாடகைக் கார்களாக ஓடிக்கொண்டிருந்தன. 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லை, உதிரிப் பாகங்கள் இல்லை. மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஓட்டை விழுந்த இடத்துக்குக் கிடைத்த தகரத்தை வைத்து ஒட்டினார்கள். பெயின்ற் கிடைத்தால் பூசினார்கள், கிடைக்காவிட்டால் விட்டார்கள். எபொக்சியும் இல்லை, மின்முறையும் இல்லை. இந்த நாட்டுக் கணக்கில் பார்த்தால் அது சரியான வேலையே அல்ல. ஆயினும் அதில் பொய் இருந்தது என்று எவரும் சொல்ல முடியாது. ஒட்டு ஒட்டாகவே தெரிந்தது. ஏறுகின்றவருக்கும் தெரியும், ஓட்டுகின்றவருக்கும் தெரியும், வாங்குகின்றவருக்கும் தெரியும். இடையிலே ஒரு வியப்பான செய்தி: 1990களில் இலங்கையிலே மொரிஸ் மைனருக்கான புதிய தகடுகள் கையால் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு வந்தன. பிறந்த ஊரில் செய்வாரற்றுப் போன பாகத்தைப் புகுந்த ஊர் செய்து அனுப்பியது!

அந்த ஒட்டுக்கு எதிரில் இங்கு நடக்கின்ற ஒன்றை வைத்துப் பார்ப்போம். உக்கிய பெட்டிப் பகுதிக்குள் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து, மேலே நிரப்புப் பசையை அப்பி, அரத்தாளால் மட்டமாக்கி, கண்ணாடி போல வர்ணம் பூசிவிடுவார்கள். அடியிலே தாரைப் பூசிக் கறுப்பாக்கிவிடுவார்கள். பார்வைக்கு யாழ்ப்பாணத்துக் காரைவிட இது நூறு மடங்கு அழகு. இங்கே செலவழித்த திறமை முழுவதும் உக்கலைத் திருத்துவதற்கல்ல, அதைக் காணவிடாமற் செய்வதற்கே போயிருக்கிறது. ஒட்டுக்கும் மறைப்புக்கும் உள்ள வேறுபாடு வேலையின் தரத்தில் இல்லை. அடுத்தவன் உண்மையை அறிய வழி விட்டிருக்கிறதா என்பதிலேயே இருக்கிறது என்பது எமது எண்ணம். வாய்மை எது என்று கேட்ட இடத்தில் வள்ளுவரும் சொல்லின் தோற்றத்தைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறருக்குத் தீங்கு விளைகிறதா என்றே பார்த்தார். அந்த அளவுகோலை மௌனத்துக்கும் வைத்தால், பூச்சும் ஒரு பேச்சே. “இதன் கீழே நல்ல இரும்பு இருக்கிறது” என்று அது சொல்கிறது. வாயைத் திறக்காமலே விற்பவர் தம் பூச்சைப் பேசவிட்டுவிட்டு நிற்கிறார்.

இந்நாட்டுச் சட்டமோ தனியாள் தனியாளுக்கு விற்கும்போது, வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும் என்ற பழைய கொள்கையைப் பெரும்பாலும் பின்பற்றுகிறது. கேட்டால் பொய் சொல்லக் கூடாது, விளம்பரத்தில் இல்லாததைச் சொல்லக் கூடாது. கேட்காததைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. வாங்கப் போகிறவர்கள் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டு போவது இதற்காகத்தான். நல்ல தகட்டில் அது ஒட்டும். தடித்த பசைக்கு மேலே ஒட்டாமல் வழுக்கிவிடும். பத்துப் பவுண் பெறாத அந்தக் காந்தம் பல பெரிய மனிதர்களின் வாக்கைவிட நம்பத் தகுந்தது.

எமக்குத் தெரிந்த அன்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். மகளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பில் ஓட வேண்டும் என்ற ஆசையில், 1960களில் வந்த மொரிஸ் மைனர் ஒன்றைச் சேமிப்பிலிருந்து நல்ல விலை கொடுத்து வாங்கினார். கல்யாணமும் சிறப்பாக நடந்தது. அடுத்த மாரியில் கதவுக்குக் கீழே ஒரு கொப்புளம். சுரண்டினார். பசை கட்டி கட்டியாக விழுந்தது. அதற்குப் பின்னால் ஈரத்தில் ஊறிய பத்திரிகைத் தாள். இரண்டு பக்கமும் அப்படியே. காயவைத்து ஒட்டிப் புதிதாக்கும் செலவு, கொடுத்த விலைக்குக் கிட்ட வந்தது. மனைவிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து, வீட்டிலே படிக்கட்டு ஏறும் கதிரை பூட்ட வேண்டியிருந்த சமயம். காரை விற்பதென்று தீர்மானித்தார். மைத்துனர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னாராம்: “அத்தான், திரும்பவும் பசையை வைச்சு மூடி, பெயின்ற் அடிச்சு வித்துப்போட்டு அலுவலைப் பாருங்கோ. ஏமாத்தினவன் பாவம் அவனோடை. நீங்கள் ஏன் இடையிலை நிண்டு நட்டப்படவேணும்?”

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போக முடியாது. மைத்துனர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. குற்றம் செய்தவன் ஒருவன், நட்டப்படுபவன் இன்னொருவன் என்பது எந்தத் தர்மத்திலும் சரியில்லை. அன்பர் யாரையும் ஏமாற்றப் புறப்பட்டவரல்லர். கிடைத்ததைக் கிடைத்தபடியே திருப்பிக் கொடுப்பதாக அவர் சொல்லிக்கொள்ளலாம். அதற்கு அவர் சொன்ன பதில் சுருக்கமானது: “நான் தெரியாமல் வாங்கினனான். தெரிஞ்சு விக்கிறது வேறை, தம்பி.”

எமக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அறியாமல் கடந்து போன உக்கல் ஒரு விபத்து. அறிந்த கையினூடாக அது கடக்கும்போது கர்த்தா மாறிவிடுகிறார். கர்மம் என்பதை நாம் பெரும்பாலும் எமக்கு வருகின்ற பலனாகவே பேசிப் பழகிவிட்டோம். என் கணக்கில் பாவம் ஏறுமா, அவன் கணக்கில் ஏறுமா என்பது ஒரு கணக்குப் பிள்ளையின் கேள்வி. அந்தக் காரில் ஏறப் போகின்ற, பெயர் தெரியாத ஒரு குடும்பத்தின் கேள்வி வேறு. அவர்களுக்கு யார் கணக்கில் என்ன ஏறியது என்பதால் ஆவது ஒன்றுமில்லை. “கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆகையால் ஒழுங்காகச் செய்” என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். தவறில்லை. ஆனால் அது பயத்தினாற் செய்யும் வேலையாக முடிந்துவிடுகிறது. இங்கு வளரும் பிள்ளைகள் அதற்கு அதிகம் பயப்படுவதும் இல்லை. இன்னும் முப்பது வருடத்தில் இதே தகட்டைச் சுரண்டப் போகும் ஒருவர் இருக்கிறார், இந்தக் காரில் இருந்து போகும் ஒரு குழந்தை இருக்கிறது என்று சொன்னால் கராஜில் நிற்கும் பதினாறு வயதுப் பையனுக்கு உடனே விளங்குகிறது. அடிப்பூச்சு அவர்களுக்குத்தான் பூசப்படுகிறது.

நல்ல முறையில் திருத்துபவர்கள் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் படம் எடுக்கிறார்கள். சுரண்டிய இரும்பு, வெட்டி எடுத்த உக்கல், புதிதாக ஒட்டிய தகடு, அடிப்பூச்சு, பெட்டிப் பகுதிக்குள் மெழுகு செலுத்தியது, நீர் வடியும் துவாரங்கள் அடைபடாமல் இருப்பது என்று எல்லாவற்றையும் எடுத்து, அந்தப் படத்தொகுப்பைக் காரோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். மேற்பூச்சு மூடப்போவதை அதற்கு முன்னரே வெளியில் எடுத்து வைத்துவிடும் வழக்கம் இது. தெரிந்த வாங்குநர்கள் காரின் மினுக்கத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தொகுப்பைத்தான் கேட்கிறார்கள்.

எமது அன்பரும் அப்படியே செய்தார். பசை முழுவதையும் எடுத்தார். உக்கிய பகுதிகளை ஒரு பக்கம் மாத்திரம் வெட்டிப் புதிய தகடு ஒட்டுவித்தார். மறுபக்கத்துக்குக் காசு போதவில்லை. இரண்டு பக்கத்துக்கும் எபொக்சி அடிப்பூச்சை மட்டும் பூசி, வர்ணம் பூசாமல், சாம்பல் நிறமாகவே விட்டு விளம்பரம் செய்தார். படங்களோடு ஒரு தாளில், செய்தது இது, செய்யாதது இது என்று எழுதி வைத்தார். கடைசி வரியில், வலது பக்கப் பின் வில்லுத் தாங்கியின் உட்புறத்தைத் திறந்து பார்க்கவில்லை என்றும் எழுதியிருந்தார். வாங்க வந்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தார். பின்னர் அந்தக் கடைசி வரியில் விரலை வைத்து, இதற்காக இன்னும் நூறு பவுண் குறைக்க வேண்டும் என்றார். அன்பர் குறைத்துக் கொடுத்தார்.